நீ இளைத்தபோது கைதட்டினோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர் வந்தார். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல், ஒரு பையை என் கையில் கொடுத்தார். "அலமாரிய ஒதுக்கினேன். இது புதுசு. கம்பெனில யாருக்காச்சும் ஆகும்னா குடுத்துடுங்க" என்றார். உள்ளே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பைக்குள் கம்பெனிச் சீருடை. பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. காலரில் இருந்த சீட்டில் 'எல்' என்று போட்டிருந்தது. உறையின் ஓரத்தைக் கிழித்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்தது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. கோபம் வந்தது. நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். திங்கட்கிழமை அந்தச் சீருடையை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாராவது போட்டுக்கொள்ளட்டும். ஆனால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சிலர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதில் நீயும் ஒருத்தி. நடுவில் குறுக்கே பேசாமல் கேள்.

எல்லாம் அந்த ஸ்டோரில்தான் ஆரம்பித்தது. இரண்டரை வருடம் இருக்கும். வருடாந்திரச் சீருடை கொடுக்கிற நாள். பாசிர் கூடாங்கில் நம் தொழிற்சாலையின் ஸ்டோர் வாசலில் ஐம்பது பேர் வரிசையில் நின்றோம். நாம் இருவரும் ஒரே லைனில், பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் பார்க்கிற வேலையில், எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உன் முறை வந்ததும் ஸ்டோர்காரன் அலமாரியைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். நம் தமிழ்ப் பையன்தான். சத்தமாகவே சொன்னான்.

"அக்கா, திரீ எக்ஸெல் முடிஞ்சிருச்சு லா. ஒங்களுக்குக் கூடாரம் தைக்கிறவங்கிட்டதான் ஆர்டர் குடுக்கணும்."

ஐம்பது பேரும் சிரித்தார்கள். அடுத்தது நான். எனக்கும் அதே சைஸ்தான். நான் சைஸைச் சொல்லாமலே வரிசையை விட்டு வெளியே வந்து கழிவறைக்குள் போய் அழுதேன். நீ அழவில்லை. கதவைத் தட்டி, "அவன் சொன்னதுக்கு நீ ஏண்டி மூக்க சிந்துற? வெளிய வா" என்றாய். நம் வீடுகள் இருக்கிற மாசாய்க்குக் கம்பெனி பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போதுதான் சொன்னாய்.

"நாளைக்கு அஞ்சரை மணிக்குத் திடலுக்கு வா. பழைய செருப்பு வேணாம், ஷூ போட்டு வா."

அதற்குமுன் நாம் எதைத்தான் விட்டுவைத்தோம்? லைனில் ஒருத்தி விற்ற மெலிவுக் காப்பி, யாரோ கொண்டுவந்த பச்சைப் பொடி, வயிற்றில் கட்டினால் வேர்க்கும் என்ற பெல்ட். காப்பி குடித்து எனக்கு மூன்று நாள் நெஞ்சு படபடத்தது. மறுநாள் திடலுக்கு வந்தபோது அதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாய். திடல் ஓரத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினாய். "இனிமே எவளும் நமக்கு எதையும் விக்க வேணாம். நாமளே பாத்துக்கலாம்" என்றாய். ஜிம்முக்குப் போக நமக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. அந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் யார் நிற்பது? அரசாங்கக் கிளினிக்கில் உணவு ஆலோசகரைப் பார்க்கக் கிடைத்த தேதி நம் ஷிஃப்டோடு மோதியது. ஆகவே திடல், நீ, நான். அவ்வளவுதான்.

உன் மூளையை அப்போதுதான் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று நீயே உன்னைக் கேலி செய்துகொள்வாய். கைப்பேசியில் யாரோ சொன்ன செயலியை இறக்கிப் பார்த்தோம். அதில் நாம் தின்பது எதுவுமே இல்லை. ஓட்ஸ் இருந்தது, ஏதோ பேரிக்காய் இருந்தது. இட்லியைத் தேடினால் வேறு எதையோ காட்டியது. நீ அதை அழித்துவிட்டு உன் சொந்தச் சட்டத்தை எழுதினாய். எண்ணெய்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் ஒன்று தின்றால் திடலில் ஆறு சுற்று. கோழியோடு தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக் என்றால் பதினொன்று. பால் போட்டு ஆற்றுகிற டீ, தே தாரிக், மூன்று. "வாய்ல வைக்கிறதுக்கு முன்னாடி சுத்த நெனச்சுக்க. நடக்க முடியும்னா தின்னு." அந்தக் கணக்கு சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அது வேலை செய்தது. பதினொரு சுற்றை நினைத்தால் கோழி தொண்டையில் இறங்காது.

இன்னொரு சட்டமும் போட்டாய். அடுப்படியில் நின்றுகொண்டு தின்னக் கூடாது. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வழித்துத் தின்னக் கூடாது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இருபது வருடமாக நான் எனக்கென்று தட்டில் போட்டுச் சாப்பிட்டதைவிட மற்றவர்கள் தட்டில் விட்டதைத் தின்றதுதான் அதிகம் என்று. "நம்ம வயிறு என்ன குப்பைத் தொட்டியா? கொட்டுடி. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றாய்.

எல்லாவற்றையும்விட நல்ல கருவி திட்டுதான். அதுவும் நீ கண்டுபிடித்தது. ஆசை வந்தால் குரல் செய்தி அனுப்ப வேண்டும், மற்றவள் உடனே திட்ட வேண்டும். உன் செய்திகள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. ஒரு நாள் நீ அனுப்பினாய், நான் திட்டினேன்.

"அடியே, மாமாக் கடை முன்னால நிக்கிறேன். ரொட்டி சானாய்க்கு மாவு வீசுறான். சீக்கிரம் திட்டு."

"வெக்கமா இல்ல ஒனக்கு? நேத்துதானே முட்டி வலிக்குதுன்னு ஒப்பாரி வச்ச? பாலும் சக்கரையும் இல்லாத தே ஓ கொசோங்க வாங்கிக் குடிச்சிட்டு நடையக் கட்டு."

"கட்டிட்டேன். ஆனா நீ இன்னும் நல்லாத் திட்டணும். இது பத்தல."

நம்மை யாரும் எப்போதும் திட்டாமல் இருந்ததில்லை. ஆனால் நீயும் நானும் திட்டிக்கொண்டது வேறு. அது ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிடுகிற திட்டு.

மெதுவாகத்தான் குறைந்தது. சனிக்கிழமைதோறும் மருந்துக்கடை எடைக் கருவியில் ஏறுவோம். ஒரு வாரம் இருநூறு கிராம் குறையும், அடுத்த வாரம் முந்நூறு ஏறும். நான் மூன்று கிலோ குறைத்தேன். தீபாவளிக்குள் நீ ஆறு கிலோ குறைத்திருந்தாய். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கருவியிலிருந்து இறங்கி, கடைக்காரச் சீனப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினாயே, நினைவிருக்கிறதா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். அந்த ஆறு கிலோவுக்காக நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாய். குதிகால் வெடித்து இரத்தம் கசிந்தபோது துணி சுற்றி நடந்தாய்.

தீபாவளிக்குப் பிறகுதான் மாறியது. நான் அதே இடத்தில் நின்றேன். நீ இறங்கிக்கொண்டே போனாய். வாரத்துக்கு அரைக் கிலோ. சில வாரம் அதற்கும் மேல். நடப்பதும் குறைந்துபோயிருந்தது. நாலு சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாய். உட்கார்ந்திருப்பவள் இளைக்கிறாள், நடக்கிறவள் அப்படியே இருக்கிறாள். உனக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குப் பொறாமை வந்தது. ஆமாம், பொறாமை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மறைச்சு என்னடி குடிக்கிற? அந்தப் பொடிய மறுபடி வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடி. பசியே எடுக்க மாட்டேங்குது. ரெண்டு வாய் வச்சாப் போதும்போல இருக்கு. சாமி இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்காரு."

நான் நம்பவில்லை. இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வாரத்தில் நீ தனியாக என்னென்ன அனுபவித்தாய் என்று எனக்குத் தெரியாது. வயிற்று வலி முதுகுவரை இழுத்தது என்பதையே நாம் சமாதானமான பிறகுதான் சொன்னாய். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

கம்பெனி அனுப்புகிற கிளினிக்குக்கு மூன்று முறை போனாய். முதல் முறை டாக்டர் உன்னைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார். "வெயிட்டக் குறைங்க. எல்லாம் தன்னால சரியாப் போயிடும்." ஏற்கெனவே குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. இரண்டாவது முறை, வாயு என்று வெள்ளைத் திரவ மருந்து. மூன்றாவது முறை நானும் கூட வந்தேன். அதற்குள் நீ பாதியாகியிருந்தாய். டாக்டர் கணினித் திரையில் பழைய எடையைப் பார்த்தார், புதிய எடையைப் பார்த்தார். முதல் தடவையாக உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வெரி குட். இப்படித்தான் இருக்கணும். அப்படியே கண்டினியூ பண்ணுங்க. வலி போயிடும்."

அவர் உன் வயிற்றைத் தொடவில்லை. மூன்று முறையும் தொடவில்லை. ஏன் தெரியுமா? நம்மைப் போன்ற உடம்பை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தலைவலி என்றாலும் எடை, முட்டி என்றாலும் எடை, மூச்சு என்றாலும் எடை. நம் உடம்பில் எடையைத் தவிர வேறு ஒன்றும் இருக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவே முடியாதது எது தெரியுமா? அவர் "வெரி குட்" என்றபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். உனக்காகப் பெருமைப்பட்டேன். நாம் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

எல்லோரும்தான் கொண்டாடினார்கள். மார்ச் மாதம் மறுபடி சீருடை கொடுத்த நாளில் அதே ஸ்டோர்காரன் முன் போய் நின்று, "எல் சைஸ் குடு தம்பி" என்றாய். அவன் வாயைப் பிளந்தான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். போன வருடம் சிரித்த அதே ஆட்கள். நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. சூப்பர்வைசர் காலைக் கூட்டத்தில் உன்னை முன்னால் கூப்பிட்டு, "இவங்களப் பாருங்க, மனசு வச்சா முடியும்" என்றார். உன் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். அந்த எல் சட்டையை ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் எறங்கினா எம் வாங்கிடுவேன். இதப் பிரிக்கவே மாட்டேன்" என்று கண் சிமிட்டினாய். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. அதையும் அழகு என்றுதான் நினைத்தோம்.

சிகாமட்டில் நடந்த கல்யாணத்தை என்னால் மறக்க முடியாது. உன் நாத்தனார் மகளின் கல்யாணம். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாய். பதினைந்து வருடமாக உன்னை மண்டபத்தில் பின் வரிசையில் உட்கார வைத்த சொந்தங்கள், அன்று உன்னைச் சுற்றி நின்றார்கள். உன் நாத்தனார் உன் இடுப்பைக் கிள்ளி, "இப்பத்தான் பொம்பள மாதிரி இருக்க. எங்க அண்ணனுக்குப் புதுப் பொண்டாட்டி கெடச்ச மாதிரி" என்றாள். நீ சிரித்தாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தியில் ஒரு கை சோற்றைப் பிசைந்தாய், பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு எழுந்து போனாய். வெகு நேரம் வரவில்லை. தேடி வந்தேன். மண்டபத்தின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்தில், பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய்.

முதுகைத் தடவினேன். கையில் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. பயந்துவிட்டேன்.

"இது சரியில்லடி. ஒன் வீட்டுக்காரரக் கூப்பிடுறேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

"உள்ள யார்கிட்டயும் சொல்லாத. இன்னிக்கு ஒரு நாள் அழகா இருந்துட்டுப் போறேன்."

நான் சொல்லவில்லை. வாயைக் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். உதட்டுச் சாயத்தைச் சரி செய்துவிட்டேன். உன்னைத் திரும்ப அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப்போய் விட்டேன். ரொட்டி சானாய்க்குத் திட்டத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கல்லவா நான் உன்னைத் திட்டியிருக்க வேண்டும்! தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நீ என்னிடம் அப்படிக் கெஞ்சியிருக்கக் கூடாது. நான் அதற்கு இணங்கியிருக்கக் கூடாது. உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். என்மேல் உள்ள கோபமும் இதுதான்.

கடைசியில் உன்னைக் காட்டிக்கொடுத்தது கேன்டீனில் சோறு போடுகிற மலாய்க்கார அம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுகிறவர். நீ தட்டை நீட்டியபோது கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, உன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். "மாத்தா கூனிங்" என்றார். கண் மஞ்சளாக இருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் உன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு பெண்மணிதான் உன் கண்ணைப் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் அவரே போய்ச் சண்டை போட்டு, அன்றைக்கே உன்னை ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைத்தார்.

அங்கே இளம் பெண் டாக்டர் ஒருவர் உன் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். எல்லாச் சோதனைகளும் முடிந்து, கணையத்தில் புற்றுநோய் என்று சொல்வதற்கு முன்னால், உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மாசமாக் காரணமே இல்லாம எடை குறையுது?"

நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். உனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"காரணம் இருக்கு டாக்டர். நான் நடந்தேன். கஷ்டப்பட்டுக் கொறச்சேன். வேணும்னா இவளக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "ஆமா டாக்டர், நடந்தா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவர்.

அன்று மாலை, உன் வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தபோது, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"அதுல எத்தன கிலோ நான் கொறச்சதுடி? எத்தன கிலோ அது தின்னது?"

"சும்மா படு" என்றேன். உன் வாழ்க்கையிலேயே நீ உனக்காகச் செய்துகொண்ட ஒரே காரியத்தை நோய் திருடிக்கொண்டு போனதைப் பற்றி நீ கேட்டாய். நான் உன்னைச் சும்மா படுக்கச் சொன்னேன்.

மூன்று மாதம் இருந்தாய். அதைப் பற்றி எழுத மாட்டேன். நீயும் விரும்ப மாட்டாய்.

ஆனால் உன் சாவு வீட்டில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். உன் நாத்தனார் உன் காலடியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல டயட்டு, நடைன்னு ஒடம்ப வருத்திக்கிட்டா இப்படித்தான் ஆகும். நல்லாத் தின்னுக்கிட்டிருந்தவ. யாரு கெடுத்து விட்டாளோ."

கடைசி வார்த்தையில் என்னைப் பார்த்தாள். எழுந்து நின்று கத்தினேன்.

"குண்டா இருந்தப்ப பின்னால ஒக்கார வச்சீங்க. நோயில எளச்சப்ப இடுப்பக் கிள்ளிக் கொஞ்சினீங்க. இப்ப அவ நடந்ததா தப்பு? நடந்ததுனால யாரும் சாகல. ஒருத்தரும் அவளப் பாக்காததுனால செத்தா!"

யாரோ என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்கள். உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஒருத்தரும் பாக்கல. நானும் பாக்கலதான்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். முட்டிவலி என்று பதிந்துகொண்டு உள்ளே போய், உன் பெயரைச் சொன்னேன். டாக்டருக்கு நினைவில்லை. விசைப்பலகையில் தட்டிப் பார்த்தார். செத்துப்போனாள் என்று சொன்னேன், எதனால் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அது கண்டுபிடிக்கக் கஷ்டமான நோய்மா. பெரிய ஆஸ்பத்திரிலயே தவற விடுவாங்க."

"இருக்கலாம் டாக்டர். ஆனா நீங்க தொட்டுப் பாத்திருக்கலாம். நீங்க வெரி குட் சொன்னீங்க."

"சாரி" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொன்னாரா, திரையைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. முன்பே கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று ஆஸ்பத்திரிப் பெண் டாக்டரைக் கேட்டிருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதனால் என் கோபத்துக்கு உட்கார ஓர் இடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே அலைந்துகொண்டிருக்கிறது.

அதற்குப்பிறகு நான் நடக்கவில்லை. தின்றேன். நின்றுகொண்டு தின்றேன், மிச்சத்தை வழித்துத் தின்றேன், பதினொரு சுற்று நாசி லெமாக்கை ஒரு சுற்றும் நடக்காமல் தின்றேன். குறைத்த மூன்று கிலோவும் திரும்பி வந்து, கூடவே இன்னும் இரண்டையும் கூட்டி வந்தது. இளைப்பதே உனக்குச் செய்கிற துரோகம்போல இருந்தது. ஒரு நாள் படியேறும்போது மூச்சு முட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடிவந்து, "அம்மா, இப்படியே போனா நீங்களும் அத்தை மாதிரி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! என்னை இந்தத் திடலில் இறக்கிவிட்டு, பாதியில் விட்டுவிட்டுப் போனவள் நீ. மறுநாள் அஞ்சரைக்கு ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். முதல் சுற்று முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்த சீனக் கிழவர் ஒதுங்கி வழி விட்டார்.

இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். கூப்பிட்டால் வருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் கூப்பிடுவதில்லை. ஆசை வந்தால் உன் பழைய குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் கேட்பேன். எனக்கு நீ அனுப்பிய திட்டுகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. எல்லாம் மனப்பாடம்.

ஒரு விஷயத்தில் நான் கெட்ட பெயர் எடுத்திருக்கிறேன். நம் கம்பெனியில் யாராவது இளைத்தால் நான் கைதட்டுவதில்லை. போன மாதம் சரளா, பேக்கிங்கில் இருக்கிறாளே, அவள் சீருடை தொளதொள என்று ஆகிவிட்டது. எல்லோரும் அவளைச் சுற்றி நின்று எப்படி எப்படி என்று கேட்டார்கள். நான் நடுவில் புகுந்து, "பசிக்குதா ஒனக்கு? எங்கயாச்சும் வலிக்குதா? கண்ணக் காட்டு" என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்களுக்குப் பொறாமைக்கா" என்றாள். பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? விடவில்லை. இரண்டு வாரம் அவள் பின்னாலேயே அலைந்து, இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. அவள் உண்மையாகவே ஓடித்தான் குறைத்திருக்கிறாள். இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நன்றாக இருக்கிறாள், எனக்கு அது போதும்.

எனக்கு எங்காவது வலித்தால், டாக்டர் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், "அத நான் பாத்துக்கிறேன் டாக்டர். நீங்க வலிக்கிற எடத்தத் தொட்டுப் பாருங்க" என்கிறேன். தொடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கேட்டாயே, அதற்கு நான் பதில் கண்டுபிடித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் கருவியிலிருந்து இறங்கியதும் எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாய். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் உனக்கு வலி இல்லை. நன்றாகப் பசித்தது. பசித்த வயிற்றோடு மாமாக் கடையைத் தாண்டி வந்தாய். அந்த ஆறு கிலோ நீ குறைத்தது. அதில் ஒரு கிராமைக்கூட நோய் தொடவில்லை. மிச்சம் பதினாலை அது தின்றது, அதற்குத்தான் உலகம் கைதட்டியது. ஆறுக்கு அன்று யாரும் தட்டவில்லை.

மறுபடி நடக்க ஆரம்பித்ததிலிருந்து நான் நாலு கிலோ குறைத்திருக்கிறேன். ஒழுங்காகப் பசிக்கிறது, வலி எதுவும் இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. உன்னைப் பிடிக்க இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது. அவ்வளவு சுலபமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நீ அதை எப்படிச் செய்தாய் என்று ஒவ்வொரு சுற்றிலும் நினைத்துக்கொள்கிறேன்.